எலும்பு வார்டுப் பரீட்சை

எங்கள் வீட்டுக்கும் நிசார் அகமது பாய் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் பூண்டு தட்டினால் இந்தப் பக்கம் என் சமையல்கட்டில் ஆணியில் தொங்கும் வடிகட்டி ஆடும். அதை வைத்தே நஸீமா எழுந்துவிட்டாளா, இன்றைக்குக் கறியா பருப்பா என்று சொல்லிவிடுவேன். இப்போது அந்த வீட்டில் பஞ்சர் கடைப் பையன்கள் குடியிருக்கிறார்கள். குறை சொல்லக் கூடாது, மரியாதையான பிள்ளைகள். ஆனால் மூன்று வேளையும் பரோட்டா வாங்கித் தின்கிறார்கள். வடிகட்டி ஆடுவதே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகிற சர்வீஸ் ரோட்டில்தான் நிசார் பாயின் மெத்தைக் கடை இருந்தது. இலவம்பஞ்சை வாங்கி, அடித்து, பதம் பார்த்துத் திணித்துத் தைத்துக் கொடுப்பார். இண்டூரிலிருந்து பொம்மிடி வரைக்கும் கல்யாணச் சீருக்கு அவர் மெத்தைதான். பஞ்சுத் தூசி அவர் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பனிக்காலத்தில் அவர் மூச்சு வாங்குகிற சத்தமும் அந்தச் சுவர் வழியாக வரும். நஸீமா கூடவே உட்கார்ந்து மூலை தைப்பாள். அவர்களுக்கு ஒரே பெண், அன்ஜும். தர்மபுரியில் நர்சிங் படித்தாள். என்னை அத்தை என்பாள், என் வீட்டுக்காரர் மாயவனை மாமா என்பாள். எங்கள் பையன் பெங்களூரில் வேலை என்று போய்விட்ட பிறகு, எங்கள் வீட்டில் குழந்தை என்று இருந்தது அவள்தான்.

அவள் படித்த காலத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாயங்காலம் ஆனால் ரப்பர் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். என் கையில் சுற்றி பி.பி. பார்ப்பாள். ஒருமுறை பார்த்தால் நம்பிக்கை வராது, அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுவாள். கை கன்றிப்போய்விடும். தெர்மாமீட்டரை என் நாக்குக்கடியில் வைத்துவிட்டு, "பேசக்கூடாது அத்தை" என்பாள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். காலையிலிருந்து எனக்குச் சொல்ல பயந்ததையெல்லாம் அப்போதுதான் சொல்லுவார்.

"தக்காளி போட்ட காசுல டிராக்டர்காரனுக்குக் குடுத்துட்டன், கேட்டுக்க. உங்கண்ணன் போன் பண்ணான், நீ இல்லன்னு சொல்லிட்டன்."

நான் கண்ணை உருட்டுவேன். அன்ஜும் சிரித்துச் சிரித்துக் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிடுவாள்.

படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது என்று ஒரு பாடம். அதற்குக் கடை வாசலிலேயே புது மெத்தையைப் போட்டு என்னைப் படுக்கச் சொன்னாள். நானும் படுத்தேன். இடது பக்கம் புரட்டுகிறாள், வலது பக்கம் புரட்டுகிறாள். ஓசூர் பக்கம் போகிற லாரிக்காரர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து, "என்னாச்சுங்க, அம்மாவுக்கு மயக்கமா?" என்று கேட்டார். மெத்தை ஓரத்தில் மூலையைத் தைத்துக்கொண்டிருந்த நிசார் பாய் நிமிர்ந்தே பார்க்காமல், "ஒண்ணுமில்லீங்க, மெத்தை எப்பிடி இருக்குதுன்னு பாக்கறாங்க" என்றார். அந்த ஆள் ஒரு மெத்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி ஒரு வருஷம் இனி வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பரீட்சையில் கோட்டைவிட்டாள். எழுதுகிற பரீட்சையில் இல்லை, அதில் நல்ல மார்க். ஆஸ்பத்திரி வார்டில், நிஜ நோயாளியை வைத்து, வெளியூர் மேடம் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கிற பரீட்சை. சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும், எந்தக் கட்டில் வருகிறதோ அந்த நோயாளிக்கு எல்லாம் செய்து காட்ட வேண்டும். அன்ஜும் எல்லாம் வரிசையாகச் செய்திருக்கிறாள். கடைசியில் கை தவறித் தெர்மாமீட்டரைக் கீழே போட்டு உடைத்திருக்கிறாள். அதுகூடப் பெரிசில்லையாம். அந்த மேடம், "நீ கட்டிலுக்கு வைத்தியம் பார்த்தியா, மனுஷனுக்குப் பார்த்தியா? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலையே" என்று கேட்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி வடிகட்டி ஆடவே இல்லை. மறுநாள் நிசார் பாய் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"மாயவண்ணே, இன்னொரு தடவ எழுதட்டும். அதுலயும் இல்லைன்னா கடைக்கு வந்துரட்டும். எனக்கு முடியல. நான் கோவமாச் சொல்லல அண்ணே. பஞ்சு அடிக்க ஆளு வேணும், அவங்கம்மா ஒருத்தியால ஆவாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் கஷ்டம். பொல்லாத தகப்பனாக இருந்தால் நாங்கள் சண்டைக்குப் போயிருப்போம். அன்ஜும் என் சமையல்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா மூச்சு வாங்கற அதே எடத்துல நானும் உக்காரணுமா அத்தை" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு மெத்தை தைப்பது கேவலம் இல்லை. அந்தத் தூசிக்குள்ளிருந்து அவரையும் சேர்த்து வெளியே இழுக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். அதற்கு அவள் கையில் இருந்தது இந்தப் படிப்பு ஒன்றுதான்.

மறு பரீட்சை மாசியில். அப்போதுதான் எங்கள் வயல் வரப்பில் புளி உலுக்குகிற நேரம். ஆள் கிடைக்கவில்லை என்று என் வீட்டுக்காரரே மரம் ஏறினார். நான் வேண்டாம் என்றேன். நான் வேண்டாம் என்றால் அவர் இன்னும் ஒரு கிளை மேலே போவார். போனார், விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. அன்ஜும் படிக்கிற ஆஸ்பத்திரியிலேயே எலும்பு வார்டில் சேர்த்து, உள்ளே கம்பி வைத்தார்கள்.

வலியில் கத்திக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் போனவர், ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "அன்ஜும் பரிச்சை இந்த வார்டுலயா?" என்பது.

ஆமாம், அந்த வார்டில்தான். அது தெரிந்ததிலிருந்து மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. தையல் பிரித்தாயிற்று, வாக்கர் பிடித்து நடக்கிறார், டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்கிறார். இவர் முகத்தைச் சுளித்து, "இன்னும் உள்ளார குத்துதுங்க டாக்டர்" என்கிறார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், ஒன்றும் இல்லை. இருந்தாலும் சரி, இரண்டு நாள் இருக்கட்டும் என்று போகிறார். இப்படியே பரீட்சை வரைக்கும் ஓட்டினார். அங்கே புளி உடைக்காமல் கிடக்கிறது, மாடு கறக்க ஆளில்லாமல் பக்கத்துக் காட்டுக்காரியைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏங்க, நல்லா இருக்கற காலை வெச்சிக்கினு பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?"

"சும்மா இரு புள்ள. சீட்டுல என் கட்டிலு வந்துச்சுன்னா? போன தடவ பேசலைன்னுதான பெயில் பண்ணாங்க. நான் இருந்தா பேச்சுக்கா பஞ்சம்?"

பேச்சுக்குப் பஞ்சம் இல்லாத மனுஷன்தான்.

அந்த வார்டு எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே புங்கமரம், உள்ளே டெட்டால் வாசனை, சாயங்காலம் ஆனால் எல்லாக் கட்டிலுக்கும் கீழேயிருந்து தூக்குச்சட்டிகள் வெளியே வரும். நான் களி கிண்டி, அவரைக்கொட்டைச் சாறு வைத்துக் கொண்டுபோவேன். நஸீமா பருப்பில் கறி போட்ட தால்சா கொண்டுவருவாள். பக்கத்துக் கட்டிலில் மாது என்று ஒருவர். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் மலையோரத்து ஊர். ஆடு ஓட்டிப் போன இடத்தில் பாறையிலிருந்து சறுக்கிக் கால் உடைந்துவிட்டது. கூட அவர் மனைவி செல்லி. ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லை. என் களி உருண்டையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்கவே நான் தினமும் ஒரு உருண்டை கூடுதலாகக் கிண்டினேன். அன்ஜும் டூட்டிக்கு வந்தால் அவருக்குத் தலை சீவிவிடுவாள், நகம் வெட்டிவிடுவாள். "எம் பேத்தி கூட இப்பிடிப் பாக்காதும்மா" என்று செல்லி என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மாதுவுக்கு வீக்கம் வற்றட்டும் என்று காத்திருந்துவிட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் முழு மாவுக்கட்டுப் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே தொடையிலிருந்து பாதம் வரைக்கும் வெள்ளையாக. விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

பரீட்சை அன்று காலையில் கூட வந்தவர்களையெல்லாம் வெளியே போகச் சொன்னார்கள். நிசார் பாய் கட்டிடத்துக்குள்ளேயே வரவில்லை. புங்கமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். நஸீமா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு அவர் பக்கத்தில். நானும் செல்லியும் மட்டும் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பெண்கள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். போன தடவை சேலத்திலிருந்து வந்த அதே மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிப்பென்றால் என்னவென்றே தெரியாத முகமாக நின்றார். அன்ஜும் முறை வந்தது. தட்டிலிருந்து சீட்டை எடுத்தாள். என் வீட்டுக்காரர் தலைகாணியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மீசையை வேறு தடவிக்கொண்டார்.

வந்தது அவர் கட்டில் இல்லை. பக்கத்துக் கட்டில், மாது.

என் வீட்டுக்காரர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மாட்டையும் புளியையும் விட்டுவிட்டு இத்தனை நாள் படுத்துக் கிடந்ததற்கு நல்ல பலன்.

அன்ஜும் ட்ரேயோடு போனாள். "வணக்கம் தாத்தா, ராத்திரி தூங்கினீங்களா?" என்று ஆரம்பித்தாள். குரல் தெளிவாக ஜன்னல் வரைக்கும் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"தூங்கினங்க. நல்லாத் தூங்கினன்" என்றார் மாது, மேடத்தைப் பார்த்து, சத்தமாக.

"கட்டுப் போட்ட கால்ல வலி இருக்குதுங்களா?"

"வலியா? வலியே இல்லீங்க. இந்தப் பாப்பா தங்கமாப் பாத்துக்குதுங்க."

என் பக்கத்தில் செல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். முதலில் பூரிப்பில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"என்னா செல்லி?"

"ராவெல்லாம் கண்ணே மூடலீங்க. பல்லக் கடிச்சிக்கினு கெடந்தாரு. நர்ஸம்மாவக் கூப்புடறன்னு சொன்னா, வேணாம்னு என் கையப் புடிச்சிக்கினாரு."

"ஏன்?"

"உங்க வூட்டுக்காரருதாங்க சொன்னாரு. நோயாளி வலின்னு வாயத் தொறந்தா பாப்பாவுக்கு மார்க்கு கொறஞ்சிரும், பரிச்சை முடியற வரைக்கும் ஆரு கட்டிலு வந்தாலும் வலி இல்லைன்னே சொல்லுங்கன்னு. எல்லாரு கட்டிலுக்கும் போயிச் சொல்லிட்டு வந்தாருங்க, அந்த வண்டியத் தள்ளிக்கினு."

வாக்கரைத்தான் வண்டி என்கிறாள். வலி இல்லாத மனுஷன் வலிக்கிறது என்று நாள் ஓட்டினார். வலிக்கிற மனுஷனை இல்லை என்று சொல்ல வைத்திருக்கிறார். வார்டுக் கதவுக்கு ஓடினேன். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆயாம்மா காலை நீட்டி மறித்தாள்.

"பரிச்சை நடக்குது, உள்ள போவக் கூடாது."

"அம்மா, அந்தப் பெரியவருக்கு முடியல. சொல்லிட்டு வந்தர்றன்."

"அவுருதான் நல்லாருக்கன்னு சொல்றாரே. நீ ஏம்மா கத்தற?"

அந்தச் சண்டையில் நான் நிற்கும்போதே, திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது, அன்ஜும் நாடி பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தவள், விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். பிறகு பேசின் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்த நெற்றியில் மறுபடி வியர்வை பூத்தது. அவள் துணியைக் கீழே வைத்தாள். அடுத்தது மார்பு, கை என்றுதான் வரிசை. அவள் வரிசையை விட்டுவிட்டுக் கால்மாட்டுக்குப் போனாள். பெருவிரல் நகத்தை அழுத்திப் பிடித்து, விட்டுப் பார்த்தாள். விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"தாத்தா, விரலை ஆட்டுங்க."

விரல் ஆடவில்லை. மாது என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளை மாதிரி பார்த்தார்.

அன்ஜும் அந்தப் பார்வை போன பக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து அந்த மனுஷனைத் தெரிந்தவள் அவள்.

"மாமா, இவருகிட்ட என்ன சொல்லி வெச்சீங்க?"

மேடம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் என்னாத்த..." என்று இழுத்தார் என் வீட்டுக்காரர்.

"மாமா!"

"வலின்னா உனக்கு மார்க்கு போயிரும்னு... நல்லதுக்குத்தான் கண்ணு..."

அன்ஜும் மாதுவின் பக்கம் குனிந்தாள். "தாத்தா, எனக்கு மார்க்கு ஒண்ணும் போவாது. நெசத்தைச் சொல்லுங்க." அவள் ஒரு விரலைப் பிடித்து லேசாக மேலே நிமிர்த்தினாள். மாது அடித்தொண்டையிலிருந்து கத்தினார் பாருங்கள், ஒரு ராத்திரி முழுக்க அடக்கி வைத்ததெல்லாம் அதில் இருந்தது. ஜன்னலில் செல்லி "ஐயோ சாமி" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்ஜும் மேடத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். "மேடம், விரல் வீங்கி ஜில்லுனு இருக்குது, கலர் திரும்ப வரல. கட்டு இறுக்குது. நான் நிறுத்திட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிடணும்."

"நிறுத்தினா முடிச்சதா எழுத முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

சொல்லிவிட்டு நிற்கவில்லை. வார்டில் ஓடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அதையும் நடந்து காட்டியவள்தான். ஓடினாள். தலையில் குத்தியிருந்த தொப்பி வராந்தாவில் விழுந்தது, ஆயாம்மா அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

டாக்டர் வந்தார், பார்த்தார். மாவுக்கட்டை வெட்டுகிற மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைத் தூள் பறக்க, கட்டை நீளவாக்கில் பிளந்து விரித்தார்கள். அவ்வளவு நேரமும் அன்ஜும் மாதுவின் தலைமாட்டில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "உள்ள வீக்கம் ஏறியிருக்கு. யாருக்கும் நடக்கிறதுதான். ஆனா இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கால் நம்ம கையில இருந்திருக்காது" என்றார் டாக்டர். மெல்ல மெல்ல விரல்களில் ரத்தம் ஓடியது. என் வீட்டுக்காரர் போர்வையை முகத்துக்கு இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் முழுசாகப் பார்க்கவில்லை.

பேசினில் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. விரிப்பு பாதி கலைந்து கிடந்தது. நேரம் முடிந்துவிட்டது. மேடம் கட்டில் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோயாளி வலி இல்லைன்னு சொல்றார். நீ ஏன் நம்பல?"

"அவரு வாய் ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது மேடம்" என்றாள்.

மேடம் எதையோ எழுதினார். பிறகு மாதுவிடம் குனிந்து, "இப்ப எப்படி இருக்கு பெரியவரே?" என்றார்.

மாது முதலில் என் வீட்டுக்காரர் கட்டிலைப் பார்த்தார். அங்கே போர்வைதான் இருந்தது. பிறகு அன்ஜுமைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க" என்றார். "நல்லா வலிக்குதுங்க. விரலெல்லாம் இருக்கறது தெரியுதுங்க."

அந்த மேடம் சிரித்ததை நான் வார்டு வாசலிலிருந்து பார்த்தேன். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை.

வெளியே வந்த அன்ஜுமின் உடுப்பெல்லாம் மாவுத்தூள். நிசார் பாய் எழுந்து நின்றார்.

"பாதியில விட்டுட்டேன் அப்பா. பெட்டு கூடப் போடல" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அந்தப் பெரியவரு காலு?"

"பொழச்சுது."

"அப்ப விடு" என்றார். அவள் தோளில் இருந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டார், பஞ்சு தட்டிவிடுவது போலவே. "கடையில உனக்கு எடமில்லாமயா போச்சு. வா, சாப்படலாம்." அன்ஜும் அதுவரைக்கும் அழவில்லை, அதைக் கேட்டுத்தான் அழுதாள். நஸீமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரரை அன்றைக்கே டிஸ்சார்ஜ் பண்ணினார்கள். அவரே கேட்டுக்கொண்டார். பங்குனி முழுக்க இரண்டு வீட்டிலும் பரீட்சைப் பேச்சே இல்லை. அன்ஜும் கடைக்குப் போய் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பஞ்சு அடித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ரிசல்ட் வந்த அன்று காலையில் வடிகட்டி ஆடவில்லை, கீழேயே விழுந்துவிட்டது. நஸீமா சுவரை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா! பாஸு அக்கா! பாஸு!" நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள், வாக்கர் இல்லாமல், இந்த மனுஷன் எனக்கு முன்னால் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

பாதியில் விட்டதாக எழுதியும், மனுஷனைப் பார்த்தாள் என்று அந்த மேடம் மார்க் போட்டிருந்தாராம். பிறகு அவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. தூசி இல்லாத இடம் என்று அப்பாவையும் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடையில் கடைசியாகத் தைத்த மெத்தையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார் பாய். அதில்தான் படுக்கிறோம். மாது போன ஆடி மாசம் காலை வீசி நடந்து வந்து, ஒரு குடுவை மலைத்தேன் கொடுத்துவிட்டு, அன்ஜும் இல்லை என்று தெரிந்து முகம் வாடிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவள் போன் வரும். முதலில் இவர்தான் பிடுங்கிக்கொள்வார்.

"காலு எப்பிடி மாமா இருக்குது?"

"வலியே இல்ல கண்ணு."

"அத்தைகிட்ட போனக் குடுங்க" என்பாள் உடனே. நான் வாங்கி உள்ளதைச் சொல்லுவேன். மழைக்கு முன்னால் குடைகிறது, மாத்திரை போடுவதில்லை, மறுபடி மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். அவள் அங்கிருந்தே சத்தம் போடுவாள். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

போன வாரமும் அப்படித்தான். எல்லாம் முடிந்ததும், "நீங்க எப்பிடி அத்தை இருக்கறீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கண்ணு. நல்லாத்தான் இருக்கறன்."

போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் சமையல்கட்டில் நின்றிருந்தேன். எதிரே சுவரில் வடிகட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை. நெசத்தைச் சொல்லுங்க."

"வலிக்குது கண்ணு" என்றேன். "ஒரு தடவ வந்துட்டுப் போ."